தூக்கிப் போட்டது எங்கே போனது?



சென்ற ஆண்டு கோயில் திருவிழா முடிந்த மறுநாள் எங்கள் கிளை கோத்தோங் ரோயோங் செய்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் இருபது பேர் வந்துவிட்டோம். தண்ணீர்ப் பந்தல் இருந்த இடம், அன்னதானக் கூடாரம், கார் நிறுத்துமிடம் என்று ஒரு மூலை விடாமல் பொறுக்கினோம். மொத்தம் 31 கருப்புப் பைகள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ‘நெகிழியை ஒழிப்போம்’ என்று அச்சடித்த பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். (அந்தப் பேனரே நெகிழிதான் என்பது, படத்தை பேஸ்புக்கில் போட்ட பிறகு ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கு உறைத்தது.) மறுசுழற்சிக்குச் சாமான் எடுக்கும் ஒருவர் லோரியோடு வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுப்படியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கேட்டார்: “ஏன் தம்பி, இதெல்லாம் எங்க போவுது?”

“ரீசைக்கிளுக்கு அக்கா.”

“அதான், அது எங்க இருக்கு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழலைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன்! மறுசுழற்சி என்ற சொல்லை அதில் எத்தனை தடவை போட்டிருப்பேன்! அது எங்கே நடக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த மாதப் பாடத்துக்கு ‘உலகச் சுற்றுச்சூழல் பிரச்சினைகளும் விழிப்புணர்வும்’ என்று தலைப்பு கொடுத்தபோது, அந்த அக்காவின் கேள்வியையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. உலகம் முழுவதையும் சுற்ற வேண்டாம். சிலாங்கூரில் உள்ள ஒரே ஓர் ஊரைப் பார்ப்போம். அந்த ஊருக்குள் உலகமே வந்து விழுந்திருக்கிறது.

ஜென்ஜாரோம், 2018

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். 1972-இல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய மாநாடு தொடங்கிய நாள் அது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு கருப்பொருள் வைப்பார்கள். 2018-இல் வைத்த கருப்பொருள் நெகிழி மாசை வெல்வது. அந்த ஆண்டு விழாவை இந்தியா ஏற்று நடத்தியது. நம் நாட்டிலும் பள்ளிகளில் சுவரொட்டிப் போட்டி, கடற்கரைத் துப்புரவு என்று நடந்தன.

அதே மாதங்களில் கோல லங்காட் மாவட்டத்து ஜென்ஜாரோம் மக்கள் இரவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். பந்திங் பக்கம் போகிறவர்களுக்கு இந்த ஊரைத் தெரியும். சீனப் புத்தாண்டுக்கு விளக்கு அலங்காரம் பார்க்கக் கூட்டம் கூடும் பெரிய பௌத்தக் கோயில் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கிள்ளான் துறைமுகமும் அதிக தூரமில்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். செம்பனை மரங்களுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டால் சாலையிலிருந்து தெரியாது. துறைமுகத்திலிருந்து லோரி வந்து சேர அதிக நேரம் ஆகாது.

முதலில் வந்தது நாற்றம். நள்ளிரவில் ஏதோ கருகுகிற வாடை, காலையில் இருக்காது. பிள்ளைகளுக்கு இருமல், சிலருக்குத் தோலில் அரிப்பு. எவனோ குப்பையைக் கொளுத்துகிறான் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஒரு சிறு குழு மட்டும் அப்படி நினைத்துவிட்டுத் தூங்கப் போகவில்லை. அதில் வேதியியல் படித்த ஒரு பெண்மணியும் இருந்தார். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார்கள். தோட்டங்களுக்கு நடுவே கண்டது வீட்டு உயரத்துக்குக் குவிந்த நெகிழி. பிரித்துப் பார்த்தால் உறைகளில் இருந்த எழுத்துகள் நம் ஊர் எழுத்துகள் இல்லை. இங்கிலாந்துக் கடைப் பைகள், ஆஸ்திரேலியப் பொட்டலங்கள், அமெரிக்கச் சோப்புத் தூள் உறைகள். யாரோ ஒருவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், நல்ல பிள்ளையாக, மறுசுழற்சித் தொட்டியில் போட்டவை.

ஏன் இங்கே வந்தது?

இதற்குச் சீனாவிலிருந்து தொடங்க வேண்டும். சுமார் முப்பது ஆண்டுகளாக உலகம் ஏற்றுமதி செய்த நெகிழிக் கழிவில் ஏறத்தாழப் பாதி சீனாவுக்குத்தான் போனது. காரணம் கணக்கு எளிது. சீனாவிலிருந்து துணியும் தொலைக்காட்சியும் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொள்கலன்கள் போகின்றன. திரும்பும்போது காலியாக வர வேண்டும். காலிப் பெட்டிக்குக் கிடைத்தது லாபம் என்று மிகக் குறைந்த கூலிக்குக் கப்பல்கள் குப்பையை ஏற்றிக்கொண்டன. சொந்த ஊரில் பிரித்துக் கழுவிப் பதப்படுத்துவதைவிட ஆசியாவுக்கு அனுப்புவது மலிவு. அனுப்பிய நாடு அதை ‘மறுசுழற்சி செய்யப்பட்டது’ என்றே கணக்கில் எழுதிக்கொண்டது!

2016-இல் வாங் ஜியுலியாங் என்ற சீன இயக்குநர் ‘பிளாஸ்டிக் சைனா’ என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். கழிவு நெகிழி உருக்கும் ஒரு சிறு பட்டறையில், குப்பை மலையின் மேலேயே வளரும் ஒரு சிறுமியின் வாழ்க்கை. படம் சீனாவில் பெரிய பேச்சாகி, பிறகு இணையத்திலிருந்தே அகற்றப்பட்டது. 2017 ஜூலையில் சீன அரசு உலக வர்த்தக நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பியது: 24 வகைக் கழிவுகளை இனி வாங்க மாட்டோம். 2018 தொடக்கத்தில் கதவு மூடியது. அந்தப் படம் ஒன்றினால்தான் இது நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒளிந்திருந்ததை அது எல்லோர் கண்ணுக்கும் கொண்டுவந்தது.

கதவு மூடினால் குப்பை நின்றுவிடுமா? கப்பலில் ஏற்கெனவே ஏறிவிட்டதே! அது தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா என்று வழி தேடியது. எல்லோரையும்விட அதிகமாக வாங்கிய நாடாக நாம் ஆனோம். துறைமுக வசதி உண்டு, தொழில் தெரிந்தவர்கள் உண்டு, சீனாவில் பட்டறையை மூடியவர்களும் இங்கே வந்து திறந்தார்கள். நிலத்தை வாடகைக்கு விட்டது யார்? நம் ஊர்க்காரர்கள்தான். வெளிநாட்டுக்காரன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

உரிமம் பெற்று ஒழுங்காக நடந்த தொழிற்சாலைகளும் உண்டு. சுத்தமான நெகிழியை வாங்கி, உருக்கி, சிறு மணிகளாக்கி விற்கிறார்கள். அது நியாயமான தொழில். தொல்லை எங்கே என்றால், வந்த பெட்டியில் எல்லாம் கலந்து கிடந்ததில். குளிர்பானப் போத்தல், ஷாம்பு போத்தல் போன்றவற்றுக்கு விலை உண்டு. அழுக்கான பைகளும் பலவகைப் பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக ஒட்டிய மிட்டாய் உறைகளும் யாருக்கும் வேண்டாம். விற்க முடியாததைக் குப்பைக் கிடங்கில் கொட்ட வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். கொளுத்தினால் இலவசம். அதுவும் அதிகாரிகள் தூங்கும் நேரத்தில்.

புகையில் என்ன இருக்கிறது?

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்னும் பின்கட்டில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துகிறார்கள்.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பி உறைக்கும் பயன்படும் பிவிசியில் குளோரின் இருக்கிறது. குளோரின் உள்ள பொருளைத் திறந்த வெளியில், குறைந்த வெப்பத்தில், அரைகுறையாக எரித்தால் டயாக்ஸின் என்ற நச்சுகள் உண்டாகின்றன. முறையான எரிஉலைகள் மிக அதிக வெப்பத்தில் இயங்கி, புகையையும் வடிகட்டிய பிறகே வெளியே விடுகின்றன. கொட்டகைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி எரிப்பவரிடம் அதெல்லாம் ஏது?

டயாக்ஸின் காற்றோடு போய்விடாது. மண்ணில் படியும். மண்ணைக் கிளறும் கோழியின் கொழுப்பில் சேரும். கோழி முட்டை வழியாக நம் தட்டுக்கு வரும். இது ஏட்டுக் கணக்கு இல்லை. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் துரோபோடோ என்று ஒரு கிராமம். டவ்பூ செய்யும் குடிசைத் தொழிலுக்குப் பேர் போனது. காகித ஆலைகளுக்கு வந்த வெளிநாட்டுக் கழிவுக் காகிதத்தோடு கலந்து வந்த பிளாஸ்டிக், விறகைவிட மலிவாகக் கிடைத்ததால் அங்கே அடுப்பெரிக்கப் பயன்பட்டது. 2019-இல் அந்த ஊர்க் கோழி முட்டைகளைச் சோதித்தபோது டயாக்ஸின் மிக அதிக அளவில் இருந்தது. அடுப்பை மூட்டியவர் ஏழை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கடிதம், வரைபடம், விடாப்பிடி

ஜென்ஜாரோம் குழுவின் வேலையை ‘போராட்டம்’ என்று சொன்னால் கோஷமும் ஊர்வலமும்தான் நம் நினைவுக்கு வரும். அவர்கள் பெரும்பாலும் செய்தது எழுத்து வேலை. எந்த நிலத்தில் எந்தத் தொழிற்சாலை, உரிமம் உண்டா இல்லையா, எந்த இரவில் புகை வந்தது என்று குறித்தார்கள். படம் எடுத்தார்கள். மாவட்ட அலுவலகத்துக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் புகார் எழுதினார்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதினார்கள். நிருபர்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். மிரட்டலும் வந்தது.

2018 ஜூலையில் அரசு 114 நிறுவனங்களின் இறக்குமதி அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. கோல லங்காட்டில் 33 சட்டவிரோதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மூடிய பிறகு எஞ்சிய கழிவு மட்டும் சுமார் 17,000 டன். யார் அள்ளுவது? மறுசுழற்சிக்கு லாயக்கில்லாத அளவுக்கு அழுக்கு. மூடப்பட்டவர்களில் சிலர் சத்தமில்லாமல் வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்கள் என்றும் அந்த மக்கள் சொன்னார்கள். அதன் பிறகு சுங்கைப்பட்டாணிப் பக்கத்திலிருந்தும் இதே நாற்றப் புகார் கிளம்பியது.

சுங்கத் துறையில் ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் எண் உண்டு. நெகிழிக் கழிவுக்கு 3915. அந்த எண்ணில் வந்தால் அனுமதி கேட்பார்கள் என்பதால், வேறு பொருளின் எண்ணைப் போட்டுப் பெட்டிகள் உள்ளே வந்தன. 2019 மே 28-ஆம் தேதி அப்போதைய அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் சில பெட்டிகளைத் திறந்து நிருபர்களுக்குக் காட்டினார். ஆஸ்திரேலியாவிலிருந்து புழு நெளியும் பால் பெட்டிகள், இங்கிலாந்திலிருந்து கம்பி உறைகள், வங்காளதேசத்திலிருந்து குறுவட்டுகள். 60 கொள்கலன், 3,000 டன், எல்லாம் திரும்பிப் போகும் என்று அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள், 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. பிரான்சுக்கு 43, இங்கிலாந்துக்கு 42. உலகத்தின் குப்பைத் தொட்டியாக மலேசியா இருக்காது என்று அமைச்சர் சொன்னது அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

எனக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே மாவட்டத்தில் எஞ்சிக் கிடந்தது 17,000 டன். திரும்பிப் போனது 4,000 டன்னுக்கும் குறைவு.

பாசல் என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம்

1986-இல் ‘கியான் சீ’ என்ற கப்பல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து எரிஉலைச் சாம்பலில் சுமார் 14,000 டன் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. இறக்க இடம் தேடிக் கடல் கடலாகச் சுற்றியது. ஹெய்ட்டி நாட்டுக் கடற்கரையில் உரம் என்று சொல்லி 4,000 டன்னைக் கொட்டிவிட்டு ஓடியது. கப்பலின் பெயரையே மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், யாரும் ஏற்கவில்லை. மிச்சம் கடலுக்குள் போனது. இப்படிப்பட்ட கதைகள் வெளியே வந்ததால்தான் 1989-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆபத்தான கழிவுகளைப் பற்றிய ஒப்பந்தம் உருவானது. 1992-இல் நடைமுறைக்கு வந்தது.

அதில் சாதாரண நெகிழிக் கழிவு வெகுகாலம் சேரவில்லை. 2019 மே 10-ஆம் தேதி, நார்வே முன்வைத்த திருத்தத்தை 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றன. 2021 ஜனவரி 1 முதல், கலப்படமான, அழுக்கான நெகிழிக் கழிவை அனுப்ப வேண்டுமானால், வாங்கும் நாட்டிடம் முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போட்டு, இன்றுவரை உறுப்பினர் ஆகாத பெரிய நாடு அமெரிக்கா. 2025 ஜூலை 1 முதல், ஒப்பந்தத்தில் சேராத நாடுகளிலிருந்து நெகிழிக் கழிவு வருவதை மலேசியா நிறுத்தியது. உற்பத்தியிலேயே கட்டுப்பாடு வைக்கும் ஓர் உலக ஒப்பந்தத்துக்கும் பேச்சு நடந்தது. 2024 இறுதியில் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவு காணாமல் கலைந்தார்கள்.

2019-ஆம் ஆண்டின் அதே மே மாதத்தில், 17-ஆம் தேதி, பினாங்கில் எஸ்.எம். முகமது இட்ரிஸ் காலமானார். தமிழ்நாட்டிலிருந்து சிறு வயதில் வந்தவர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் மலேசிய இயற்கைத் தோழர்கள் அமைப்பையும் பல பத்தாண்டுகள் வழிநடத்தியவர். நெகிழிக் கழிவு இறக்குமதியை எதிர்த்தும் அந்தச் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுத்தன. தமிழிலேயே பயனீட்டாளர் செய்திகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர்கள் அவர்கள். நம் பாட்டிமார் பலருக்கு அஜினமோட்டோவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததே அந்தச் சங்கத்தின் இதழ்தான். விழிப்புணர்வு என்றால் வண்ணச் சுவரொட்டி என்று நினைக்கிற நாம், இவரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மீண்டும் அந்த அக்கா

எங்கள் 31 பைக்கு வருவோம். லோரிக்காரரின் எண் என்னிடம் இருந்தது. வெட்கத்தை விட்டு அழைத்துக் கேட்டேன். மனிதர் ஒளிக்காமல் சொன்னார். “போத்தலை மட்டும் பொறுக்கி வித்துட்டேன் தம்பி. மத்தது எல்லாம் சாப்பாடு ஒட்டிக் கெடக்கு. எவன் வாங்குவான்?” மீதி எங்கே என்று கேட்டேன். ஒரு காலி நிலத்தின் பெயரைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நானும் கிளைச் செயலாளரும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். பாதி எரிந்திருந்தது. எங்கள் திருவிழாவுக்கு உபயம் கொடுத்தவர் பெயர் அச்சடித்த தண்ணீர்க் கோப்பைகள் சில, ஓரம் கருகி, அப்படியே கிடந்தன.

அன்றைக்கு வயிற்றைப் புரட்டியது நாற்றத்தால் மட்டுமல்ல. அந்த நிலத்துக்கு நூறடி தள்ளி வீடுகள் இருந்தன. நம்மவர் வீடுகளும் உண்டு, வாசலில் மாவிலைத் தோரணம் தெரிந்தது. ஜென்ஜாரோமில் இங்கிலாந்துக்காரர் செய்ததை, நாங்கள் அந்தத் தாமானுக்குச் செய்திருக்கிறோம். நல்ல எண்ணத்தோடு, படமெல்லாம் எடுத்து.

இந்த ஆண்டு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். முதலில் எண்களைக் கற்றுக்கொண்டோம். பிளாஸ்டிக் பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். அந்த முக்கோணத்தைப் பார்த்தாலே ‘மறுசுழற்சி ஆகும்’ என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். அப்படி இல்லை. 1988-இல் அமெரிக்க நெகிழித் தொழில்துறை கொண்டுவந்த அந்தக் குறி, இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. 1 தண்ணீர்ப் போத்தல், 2 ஷாம்பு, பால் போத்தல். இவற்றுக்கு வாங்குவோர் உண்டு. 3 பிவிசி. 6 பொலிஸ்தீரின், அதாவது நம் சாப்பாட்டுப் பெட்டி. எங்கள் வட்டாரத்தில் அதை வாங்க ஒருவரும் இல்லை. 1950-இலிருந்து 2015 வரை உலகம் கழித்த நெகிழியில் சுமார் 9 விழுக்காடுதான் மறுசுழற்சி ஆனது என்று 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆகவே பொறுக்குவதைவிட வராமல் தடுப்பதுதான் வேலை என்று முடிவு செய்தோம்.

அன்னதானத்தில் பெட்டியை நிறுத்தி வாழையிலை போட்டோம். “பார்சல் கட்ட முடியாதா?” என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். தூக்குச் சட்டி கொண்டுவந்தவர்களுக்குக் கொடுத்தோம். பேனரைத் துணியில் எழுதினோம், ஆண்டைப் போடவில்லை, அடுத்த முறையும் ஆகும். போத்தல்களைக் கழுவி, நாங்களே வண்டியில் ஏற்றிப் போய், எடை போடும் இடத்திலேயே நின்று, அடுத்து எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு வந்தோம். எடுப்பவர் பெயரும் இடமும் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இப்போது கிளையில் இருக்கிறது. எரித்த நிலத்தைப் பற்றிச் சுற்றுச்சூழல் துறைக்குப் புகாரும் எழுதினோம். 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். அந்தப் புகாரில், அங்கே கிடந்தது எங்கள் கோயில் குப்பைதான் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. அந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று செயற்குழுவில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். எழுதினோம்.

தண்ணீர்ப் பந்தலுக்கு மட்டும் இன்னும் வழி பிடிபடவில்லை. எவர்சில்வர் டம்ளர் 300 இரவல் வாங்கினோம். நடந்து வருகிற பக்தர்கள் கையிலேயே கொண்டுபோய்விடுகிறார்கள். 40-க்கு மேல் திரும்பவில்லை, கழுவ ஆளும் போதவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் மறுபடி கோப்பைப் பொட்டலத்தைப் பிரித்தோம். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கோயிலில் இதற்கு வேறு ஏற்பாடு செய்திருந்தால், எத்தனை பேருக்கு, எத்தனை டம்ளர், யார் கழுவினார்கள் என்ற விவரத்தோடு ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். அடுத்த திருவிழாவுக்கு எங்களுக்கு உதவும்.